மனக்காயம் ஆற உடலசைவு: வீட்டில் தொடங்கும் முறை

விபத்தோ வன்முறையோ முடிந்து மாதங்கள் ஆன பிறகும், கதவு சாத்தும் சத்தத்துக்கே நெஞ்சு படபடக்கிறது; தோள்கள் இறுகியே கிடக்கின்றன. உடலில் தங்கிவிட்ட இந்தப் பயத்தைப் பேச்சால் மட்டும் கரைப்பது கடினம். அமெரிக்காவில் மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டகால மனக்காயத்தால் அவதிப்பட்ட 64 பெண்கள் பங்கேற்றனர். 10 வாரம், வாரம் ஒரு மணி நேரம் யோகா செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு மனக்காயத்துக்குப் பிந்தைய மனஅழுத்த நோய்க்கான (PTSD) வரையறையே பொருந்தாமல் போனது. யோகாவுக்குப் பதிலாக உடல்நல வகுப்புக்குச் சென்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கே அப்படி நேர்ந்தது. அங்கும் யோகா சிகிச்சைக்குத் துணைதான், மாற்று அல்ல. ஆகவே முதலில் உங்கள் மனநல மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

வெளிச்சமான அறையில், வாசல் கண்ணில் படும்படி நாற்காலியைப் போடுங்கள். பத்து நிமிடம் போதும். கண்களை மூட வேண்டாம். உள்ளங்கால்களைத் தரையில் மெல்ல அழுத்தி, தரை தாங்குவதை உணருங்கள்.

அடுத்து அசைவு. தோள்களை மெதுவாகச் சுழற்றலாம், அல்லது கைகளைப் பக்கவாட்டில் உயர்த்தி இறக்கலாம். எதைச் செய்வது, எவ்வளவு உயரம், எப்போது நிறுத்துவது, எல்லாம் உங்கள் முடிவு. இந்தப் பயிற்சியின் உயிரே இதுதான். காயம் நேர்ந்தபோது உடல்மீது உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் போனது. ‘இது போதும்’ என்று கையை இறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த அதிகாரம் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. ஆசனம் சரியாக வந்ததா என்ற கவலையே வேண்டாம். தசை இழுபடுவது தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். தெரியாவிட்டாலும் தவறில்லை, மரத்துப்போன உணர்வு திரும்ப நாளாகும்.

வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் ஆகியவற்றைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள். வேகமான மூச்சும் அடக்கிய மூச்சும் பதற்றத்தைக் கிளப்பக்கூடும். வெளிமூச்சைச் சற்று நீளமாக விட்டால் போதும். மூச்சைக் கவனிப்பதே பயம் தந்தால் கவனத்தைப் பாதங்களுக்குக் கொண்டுபோங்கள்.

நடுவில் பழைய நினைவு பாய்ந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். அறையில் தெரியும் ஐந்து பொருள்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள், தண்ணீர் குடியுங்கள். அன்றைய பயிற்சி அத்துடன் முடியட்டும். சவாசனமும் கட்டாயமில்லை; மல்லாந்து படுப்பது பலருக்கு அச்சம் தரும். உட்கார்ந்தபடியே முடிக்கலாம்.

வகுப்பில் சேர்வதானால், தொட்டுத் திருத்த வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மறுப்பவரிடம் கற்காதீர்கள்.

தூக்கமின்மை நாள்கணக்கில் நீண்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.