அரெங்காவைத் தேடி மலையேறும் பிள்ளைகளுக்கு

புத்தளத்தின் ஆனைவிழுந்தான் குளங்களிலும் கற்பிட்டிக் களப்பிலும் பறவை பார்த்துப் பழகிய பிள்ளைகளே, இப்போது ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படுகிறீர்கள். நீங்கள் தேடிப் போகும் அரெங்கா, அதாவது இலங்கைச் சீழ்க்கைப் பூங்குருவி, நம் மலைக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழிவின் விளிம்பை நெருங்கும் இனம் அது.

1. கண்ணை விடக் காதை நம்புங்கள். களப்பில் பூநாரைக் கூட்டம் வெகு தூரத்திலேயே தெரியும். மலைக்காட்டில் பத்தடிக்கு அப்பால் இருள்தான். கூர்மையான, மெல்லிய சீழ்க்கை ஒன்றுதான் அரெங்கா இருப்பதைக் காட்டிக்கொடுக்கும். ஒலிப்பதிவை வீட்டிலேயே கேட்டுப் பழகுங்கள்.

2. முதல் நாளே போய்த் தங்குங்கள். அரெங்கா வெளிப்படுவது விடியற்கருக்கலிலும் அந்தி மங்கலிலும்தான். புத்தளத்திலிருந்து விடியப் புறப்பட்டால் நேரம் தப்பிவிடும். சமவெளி 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரியில் புல்லில் உறைபனி படியும். தடித்த ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

3. நீரோரத்தில் அசையாமல் நில்லுங்கள். பூச்சி, தவளை, பல்லி எல்லாவற்றையும் அது ஓடைக்கரையின் நிழலில்தான் பிடித்துத் தின்னும். இந்தப் பறவையின் பெயரைத் தாங்கிய அரெங்காக் குளம் வீதியோரத்திலேயே இருக்கிறது. காட்டுக்குள் இறங்கி மிதிக்கத் தேவையில்லை.

4. அவசரப்பட்டுப் பெயர் சொல்லாதீர்கள். அலகும் காலும் செம்மஞ்சளாகத் தெரிந்தால் அது கரும்பூங்குருவி. அரெங்காவின் அலகு கறுப்பு. ஆணின் தோளில் உள்ள நீலத் திட்டு வெளிச்சம் பட்டால்தான் தெரியும். பெண் பழுப்பு நிறம்.

5. போனில் அதன் குரலைப் போட்டு அழைக்காதீர்கள். வேறொரு ஆண் தன் இடத்துக்குள் நுழைந்துவிட்டதென்று அது இரையையும் கூட்டையும் விட்டு ஓடிவரும். எண்ணிக்கையில் குறைந்த இனத்துக்கு அந்த அலைச்சலும் இழப்புதான். பிளாஷும் வேண்டாம்.

6. சாப்பாட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டு வராதீர்கள். அது காகங்களைக் கூட்டும். காகம் முட்டையையும் குஞ்சையும் விடாது.

7. இடம், நேரம், வானிலையை அங்கேயே எழுதுங்கள். கேட்டதைக் 'கேட்டேன்' என்றும் கண்டதைக் 'கண்டேன்' என்றும் பிரித்து எழுதுங்கள். எதுவும் கிடைக்காத காலையையும் எழுதுங்கள். பறவை எந்த ஓடையை விட்டுப் போய்விட்டது என்பதை நாளைக்கு அந்த வெற்று வரிதான் சொல்லும். அது தெரிந்தால்தான் அந்தக் காட்டுக்காகப் பேச முடியும்.