சங்கத்தில் சேர்ந்தால் தேசத்துரோகமா?

சித்தூர், நகரி, புத்தூர் பக்கம் பிள்ளைகள் ஏதாவது இயக்கத்தில் சேர்ந்தால், “தேசத்துரோக கேஸ் போட்டுடுவாங்க” என்று பெரியவர்கள் பதறுவார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் எது குற்றம், எது உரிமை என்று தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது.

நம்பிக்கை: அரசுக்கு எதிராகப் பேசினாலே, கோஷம் போட்டாலே கலகம்.

உண்மை: 1962-இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தேசத்துரோகப் பிரிவைச் செல்லும் என்றார்கள், கூடவே அதற்கு வேலியும் போட்டார்கள். வன்முறையைத் தூண்டவோ பொது அமைதியைக் குலைக்கவோ முனையும் பேச்சுதான் குற்றம். எவ்வளவு கடுமையான விமர்சனமும் அதில் சேராது. இந்திரா காந்தி கொல்லப்பட்ட நாளில் சண்டிகரில் காலிஸ்தான் கோஷம் போட்ட இரண்டு அரசு ஊழியர்களையே 1995-இல் அதே நீதிமன்றம் விடுவித்தது. யாரும் கிளர்ந்தெழவில்லை, கலவரம் நடக்கவில்லை என்பதே காரணம்.

நம் எல்லைப் போராட்டத்தையே பாருங்கள். திருப்பதி வரை தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ம.பொ.சி. ஊர் ஊராகப் பேசினார். மாநில எல்லையை மாற்ற நாடாளுமன்றத்துக்கு அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அப்படியிருக்க, மாற்றக் கேட்பது எப்படிக் குற்றமாகும்? 1960 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சட்டப்படியே பிரிந்து சென்றது. திருப்பதி ஆந்திராவிலேயே நின்றது.

நம்பிக்கை: புரட்சி பேசும் எழுத்தாளரும் குண்டு வைப்பவரும் ஒன்றுதான்.

உண்மை: 2003 அக்டோபர் 1 அன்று பிரம்மோற்சவத்துக்காகத் திருமலை போய்க்கொண்டிருந்த முதல்வர் சந்திரபாபு நாயுடுவின் காரை அலிபிரியில் கண்ணிவெடி தாக்கியது. நக்சலைட்டுகள் நடத்திய அந்தத் தாக்குதல் கொலை முயற்சி; அதில் விவாதமே இல்லை. ஆனால் 2005 ஆகஸ்டில் ஆந்திர அரசு, மாவோயிஸ்ட் கட்சியோடு சேர்த்து ‘விரசம்’ என்ற புரட்சி எழுத்தாளர் சங்கத்தையும் தடை செய்தது. சில மாதங்களிலேயே அந்தத் தடை விலகியது. அதற்கு முன்பே, 1974-இல் விரசம் எழுத்தாளர் வரவர ராவ் உள்ளிட்டோர் மீது போடப்பட்ட செகந்திராபாத் சதி வழக்கில் 1989-இல் அனைவரும் விடுதலையானார்கள். பதினைந்து வருடம்! அதை யார் திருப்பித் தருவது? பிலிப்பைன்ஸில் கவிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான அமாடோ ஹெர்னாண்டஸை 1964-இல் விடுவித்தபோது, கம்யூனிசக் கொள்கையைப் பரப்புவது மட்டுமே கலகக் குற்றமாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் சொன்னது.

நம்பிக்கை: உறுப்பினராக இருப்பது மட்டும் ஒருநாளும் குற்றமாகாது.

உண்மை: இதை நம்பி ஏமாறாதீர்கள். 2011-இல் அரூப் புயான் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. 2023 மார்ச் 24 அன்று மூன்று நீதிபதிகள் அதை மாற்றிவிட்டார்கள். உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில் தடை செய்யப்பட்ட அமைப்பில் தொடர்ந்து உறுப்பினராக இருப்பதே இன்று தண்டனைக்குரியது. வன்முறையே செய்யாதவரையும் சிறைக்கு அனுப்பக்கூடிய இந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். தடையில்லாத கட்சிக்கோ சங்கத்துக்கோ இது பொருந்தாது.

நம்பிக்கை: தேசத்துரோகச் சட்டம் ஒழிந்துவிட்டது.

உண்மை: 2021 மே மாதம் ஆந்திர சிஐடி, முதல்வரை விமர்சித்த எம்.பி. ரகுராம கிருஷ்ண ராஜுவையே பழைய தேசத்துரோகப் பிரிவான 124-ஏ-இல் கைது செய்தது. ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. அடுத்த ஆண்டு அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆயுள் தண்டனை வரை உண்டு. சட்டத்துக்கு உட்பட்ட வழியில் மாற்றம் கோரி அரசைக் கண்டிப்பது குற்றமல்ல என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது.

ஆகவே, ஓர் அமைப்பில் சேருமுன் அது தடைப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். உபா சட்டத்தில் கைது செய்தாலும் அதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வீட்டுக்குப் போலீஸ் வந்தால் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச சட்ட உதவிக்கு மனுக் கொடுங்கள்.