கடலூரில் இருந்தே சிதம்பரம் வீட்டைப் பார்க்கலாம்... நீங்க மட்டும்தான் பார்க்கணும்!

அப்பா, அம்மா சிதம்பரத்தில். பிள்ளைகள் கடலூரிலோ சென்னையிலோ, இல்லையென்றால் சிங்கப்பூரிலோ வளைகுடா நாடுகளிலோ. நம்ம மாவட்டத்தில் பல வீடுகளின் நிலைமை இதுதான். அதனால்தான் வாசலில் ஒரு கேமரா, கைபேசியில் ஒரு செயலி. 'அம்மா கதவைப் பூட்டிட்டாங்களா?' என்று இரவு பத்து மணிக்கு ஒரு தடவை பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூக்கம் வரும்.

கேமரா மாட்ட வருபவர் வேலையை முடித்துவிட்டு, "எல்லாம் செட் பண்ணிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார். என்ன செட் பண்ணினார், யார் பெயரில் பண்ணினார் என்று நம்மில் பலர் கேட்பதே இல்லை. வெளியூரிலிருந்து வீட்டைப் பார்க்க நமக்குத் திறந்துவைக்கும் வழியில் இன்னொருவரும் நுழைய முடியுமா? இந்தக் கட்டுரை சொல்லப்போவது அதைப் பற்றித்தான்.

முகவரியைப் புரிந்துகொள்வோம்

மஞ்சக்குப்பத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது கட்டடத்தின் கதவு எண் மட்டும்தான். உள்ளே எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது வாட்ச்மேனுக்குத் தெரியும். உங்கள் வீட்டு ரவுட்டர்தான் அந்த வாட்ச்மேன். கேமராவுக்கும் அதன் பதிவுப் பெட்டியான டி.வி.ஆருக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். வெளியிலிருந்து நேராக அந்த எண்ணுக்கு வர முடியாது.

அப்படியானால் வெளியூரிலிருந்து பார்ப்பது எப்படி? மூன்று வழிகள் இருக்கின்றன.

வழி 1: போர்ட் ஃபார்வர்டிங்

'இந்தக் கதவில் யார் வந்தாலும் நேரே கேமராவிடம் அனுப்பு' என்று ரவுட்டருக்கு உத்தரவு போடுவதுதான் இது. பழைய முறை. ஆனால் அந்தக் கதவு உங்களுக்கு மட்டும் திறப்பதில்லை, உலகத்துக்கே திறந்துவிடும். திறந்த கதவுகளைத் தேடி இரவு பகலாக அலையும் நிரல்கள் இணையத்தில் இருக்கின்றன.

2016-இல் பரவிய 'மிராய்' என்ற தீங்கு நிரல் செய்தது இதைத்தான். தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்ட கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் தேடிப்பிடித்துத் தன் படையில் சேர்த்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படையை வைத்து நடத்திய தாக்குதலில், ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்கள் அமெரிக்காவின் பல பகுதிகளில் முடங்கின. கேமராவின் சொந்தக்காரர்களில் பலருக்கு இது தெரியவே தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. பல இணைய நிறுவனங்கள் இப்போது ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. உங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான் ஐ.பி.' என்ன என்று பாருங்கள். பிறகு கூகுளில் 'என் ஐ.பி. என்ன' என்று தேடுங்கள். இரண்டும் வேறுவேறாக இருந்தால், அதிலும் ரவுட்டர் காட்டும் எண் 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்கினால், உங்களுடையது பகிர்ந்த முகவரி. அங்கே போர்ட் ஃபார்வர்டிங் எவ்வளவு முயன்றாலும் வேலை செய்யாது.

சுருக்கமாகச் சொன்னால், வீடுகளுக்கு இந்த வழி வேண்டாம்.

வழி 2: நிறுவனத்தின் செயலி

கேமராவிலோ டி.வி.ஆரிலோ உள்ள க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து, அந்த நிறுவனத்தின் செயலியில் சேர்ப்பது. கேமரா தானாகவே வெளியே போய் நிறுவனத்தின் சர்வரோடு பேசும். ரவுட்டரில் எந்தக் கதவையும் திறக்க வேண்டியதில்லை. பகிர்ந்த முகவரியிலும் வேலை செய்யும். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதும்.

வழி 3: வி.பி.என்.

வீட்டு ரவுட்டருக்கும் உங்கள் கைபேசிக்கும் நடுவே பூட்டிய சுரங்கப்பாதை போடுவது. கடை, கிடங்கு, பள்ளி என்று நிறைய கேமரா வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். இதற்கு ரவுட்டரில் அந்த வசதியும், பெரும்பாலும் ஒரு பொது முகவரியும் வேண்டும். பொது முகவரியைக் கூடுதல் கட்டணத்துக்கு இணைய நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்கலாம். தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள்.

செயலி வழியில் செய்ய வேண்டியவை

1. கணக்கை உங்கள் கைபேசி எண்ணிலும் மின்னஞ்சலிலும் நீங்களே தொடங்குங்கள். கேமரா மாட்டியவரின் கணக்கில் சேர்த்திருந்தால், அவரை நீக்கச் சொல்லிவிட்டு உங்கள் கணக்கில் புதிதாகச் சேருங்கள்.

2. டி.வி.ஆர்., கேமரா, ரவுட்டர் மூன்றின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். மூன்றுக்கும் ஒரே சொல் வேண்டாம். பெயர், பிறந்த ஆண்டு, கைபேசி எண் இவையும் வேண்டாம்.

3. இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் அதை இயக்குங்கள். கடவுச்சொல் கசிந்தாலும் ஓ.டி.பி. இல்லாமல் உள்ளே வர முடியாது.

4. டி.வி.ஆரில் பயனர் பட்டியலைத் திறந்து பாருங்கள. தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள்.

5. ரவுட்டரில் 'யு.பி.என்.பி.' என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது உங்களைக் கேட்காமலே கதவைத் திறந்துவிடக்கூடியது.

6. வீட்டில் மற்றவர்களுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். செயலியில் உள்ள 'பகிர்' வசதியில் பார்க்க மட்டும் அனுமதி கொடுங்கள். வேண்டாம் என்றால் ஒரு நொடியில் திரும்ப எடுத்துவிடலாம்.

7. செயலியில் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பது அதில்தான் வரும்.

எல்லாம் முடிந்ததும் கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் படம் வருகிறதா என்று பாருங்கள். அப்போதுதான் வெளியூரிலிருந்தும் வரும் என்று உறுதியாகும். படம் திக்கித் திணறினால் செயலியில் தரத்தைக் குறையுங்கள். பதிவுப் பெட்டியில் முழுத் தரத்திலேயே பதிவாகிக்கொண்டிருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் நம்ம ஊருக்குப் புதிதல்ல. 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயலுக்குப் பிறகு பல நாட்கள் மின்சாரம் இல்லாமல் இருந்ததைக் கடலூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வளவு நீண்ட மின்தடைக்கு வழி இல்லை. ஆனால் ஓரிரு மணி நேர மின்வெட்டைத் தாங்க, ரவுட்டருக்கும் டி.வி.ஆருக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். போதும். கேமராவுக்கு இன்வெர்ட்டர் இருந்து ரவுட்டருக்கு இல்லையென்றால், பதிவு நடக்கும், ஆனால் நீங்கள் பார்க்க முடியாது.

கேமரா எதைப் பார்க்கிறது?

2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமரா காட்சிகள் இணையத்தில் பரவியது நாட்டையே உலுக்கியது. எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்தான் அங்கே வழிவிட்டது என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்தப் பெண்களில் யாரும் கேமரா வாங்கவில்லை, கடவுச்சொல்லும் வைக்கவில்லை. பாதிக்கப்பட்டது மட்டும் அவர்கள்.

ஆகவே வாசல், மாடிப்படி, வண்டி நிறுத்துமிடம் போதும். படுக்கையறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கேமரா வேண்டாம். அம்மா தனியாக இருக்கிறார் என்று கூடத்தில் வைப்பதாக இருந்தால், முதலில் அவரிடம் சொல்லிச் சம்மதம் கேளுங்கள். சிதம்பரத்தின் பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். பக்கத்து வீட்டு முற்றமோ சன்னலோ படத்தில் விழாதபடி கேமராவைத் திருப்புங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம்பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி குற்றம். 3 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு

சி.சி.டி.வி. கேமராக்களுக்கு மத்திய அரசு கொண்டுவந்த பாதுகாப்புப் பரிசோதனை விதி 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. பெட்டியில் பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பழைய கேமராவை விற்கும்போது உங்கள் கணக்கிலிருந்து நீக்கி, தொழிற்சாலை நிலைக்கு மாற்றிய பிறகே கொடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால்

கேமரா தானாகத் திரும்புகிறது, தெரியாத கருவி உங்கள் கணக்கில் நுழைந்ததாக அறிவிப்பு வருகிறது என்றால், முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். கடவுச்சொற்களை மாற்றுங்கள். அறிவிப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம். பணமும் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

திருட்டு நடந்திருந்தால் காட்சியை உடனே தனியாக நகலெடுங்கள். பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழையதை அழித்து அதன்மேல் எழுதிவிடும். பெட்டியின் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். நேரம் தப்பாக இருந்தால் விசாரணையில் குழப்பம் வரும்.

ஆருத்ரா தரிசனத்துக்கோ பொங்கலுக்கோ வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறீர்களா? கேமரா இருந்தாலும் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் படத்தைப் பார்க்கலாம், வாசலுக்கு வந்து நிற்க ஆள் வேண்டுமே!