காசு போடாத மெசின்

நயினாதீவு

அன்புள்ள மருமகளுக்கு,

நிலக்கீழ் அறைக்கு மூன்றாவது பின்போல் மெசின் ஒன்று வாங்க நினைப்பதாகவும், இருக்கிற இரண்டில் எதை விற்பது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாய். ரொறன்ரோவில் கேட்க ஆளில்லாமல் நயினாதீவில் இருக்கிற மாமாவிடமா கேட்கிறாய் என்று உன் அம்மா சிரித்தாளாம். பரிசில் ஒரு கஃபேயில் நான் கோப்பை கழுவிய காலத்தில், மூலையில் ஒரு மெசின் நின்றதும் சம்பளத்தில் ஒரு பங்கு அதன் வாய்க்குள் போனதும் அவளுக்குத் தெரியாது. இனித் தெரியட்டும்.

பிள்ளை, நீ சேர்க்கிற சாமான் எதற்காகச் செய்யப்பட்டது என்பதை முதலில் யோசி. 1931-இல் டேவிட் கொட்லீப் சிக்காகோவில் ‘பஃபிள் போல்’ என்ற சின்ன மேசை மெசினை விற்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்தத் தொழிலுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: வழியால் போகிறவனை எப்படி நிறுத்துவது, அவனுடைய சட்டைப்பையில் கிடக்கிற சில்லறையை எப்படி வெளியே எடுப்பது? மின்னுகிற விளக்கு, சினிமாப் படத்தின் பெயர், தலைப்பக்கத்தில் நிற்கிற ஓவியக் கண்ணாடி எல்லாம் அதற்காக வந்தவை. ஆட்டம் சில நிமிடங்களில் முடிவதும் அதற்காகத்தான். அடுத்த காசு விழவேண்டுமே. உன் வீட்டில் காசு போட ஆளில்லை, வழிப்போக்கனும் இல்லை. நூறு தடவை ஏற்கெனவே ஆடிய ஒருத்தி வேலை முடிந்து வந்து களைப்போடு படியிறங்கிப் போகவேண்டும். கடையில் கொடிகட்டிப் பறந்த மெசின் சில வீடுகளில் ஆறு மாதத்தில் துணி காயப்போடுகிற மேசையாக மாறுவது இதனால்தான்.

ஒரு பழைய சங்கதி சொல்கிறேன். 1942-இல் நியூயோர்க் மேயர் லகார்டியா, பின்போல் ஒரு சூதாட்டம் என்று சொல்லி அதை நகரத்தில் தடைசெய்தார். படம்பிடிப்பவர்கள் பார்த்திருக்கச் சம்மட்டி எடுத்து மெசின்களை உடைத்தார். 1976-இல் தடையை நீக்கும் பேச்சு வந்தபோது ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் நகரசபைக் குழுவின் முன்னால் ஆடிக்காட்டினார். பந்து எந்த வழியால் இறங்கும் என்று முதலில் சொன்னார், பிறகு இழுத்து விட்டார், சொன்ன வழியாலேயே இறங்கியது. அதில் அதிர்ஷ்டமும் கலந்திருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். எப்படியோ, தடை போனது.

மெசினை எடைபோட எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். சொல்லிவிட்டு அடி. பத்துத் தடவை சொல்லிப் பத்தும் போய்ச் சேர்ந்தால் அந்த மெசின் உனக்குக் கெதியாய் அலுத்துவிடும். ஒன்றுமே போகாவிட்டால் கோபம்தான் மிச்சம். அரைவாசி போய், தவறின அரைவாசியில் ‘நான்தான் அவசரப்பட்டேன்’ என்று உனக்கே விளங்கினால் அதை விற்காதே. தோல்விக்கு மெசினைத் திட்டுகிற ஆள் திரும்பி வரமாட்டாள். தன்னைத் திட்டிக்கொள்கிறவள் உடனே மறுபடி பொத்தானை அமத்துவாள்.

இதை நான் பரிசில் கற்கவில்லை. இங்கே ஊருக்கு ஊர் வாசிகசாலையில் கரம் பலகை இருக்கும். 74 சென்ரிமீற்றர் சதுரம், ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, ஒரு சிவப்பு. அதற்குக் கதை கிடையாது, வெளிச்சம் கிடையாது. சத்தம் என்றால் காய் மோதுவதும் தோற்றவன் முணுமுணுப்பதும்தான். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். 2012-இல் உலகச் சம்பியனான நிசாந்த பெர்னாண்டோவும் இதே வெறும் பலகையில்தான் வென்றார். பலகையில் புதிதாக ஒன்றும் நடக்காது. அடிக்கிறவனுடைய விரல்தான் வருசத்துக்கு வருசம் மாறுகிறது. அந்தக் குணம் எந்த மெசினில் இருக்கிறது என்று பார்.

நீ பெயர் சொன்ன மெசின்களுக்கு வருகிறேன். ‘அடம்ஸ் ஃபமிலி’ 1992-இல் பாலி என்ற பெயரில் வந்தது. வடிவமைத்தவர்களில் முதன்மையானவர் பற் லோலர். இருபதாயிரத்துக்கு மேல் விற்றது. சினிமாப் படத்தின் பெயரைப் பார்த்து வாங்கியவர்கள் கனபேர் இருந்திருப்பார்கள், ஆனால் அந்தப் படத்தைப் பார்க்காத பிள்ளைகளும் இன்றைக்கு அதை ஆடுகிறார்கள். பெட்டிக்குள்ளிருந்து வெளியே வந்து பந்தைத் தூக்கிக்கொண்டு போகிற கை இருக்கிறதே, அது முதல் மாதத்துச் சந்தோசம், அம்மன் திருவிழாக் கடையில் வாங்கிய விளையாட்டுச் சாமான் மாதிரி. அலுக்காமல் நிற்பது ஆட்டத்தில் வருகிற மாளிகையின் அறைகள்தான். ஒவ்வொன்றாகத் திறக்கவேண்டும், அடுத்த அறைக்கு எப்போது போவது என்று நீ தீர்மானிக்கவேண்டும், நடுவில் பலகைக்கு அடியில் இருக்கிற காந்தங்கள் பந்தைப் பிடித்து உலுப்பி உன் கணக்கைக் குழப்பும்.

‘மெடீவல் மட்னஸ்’ (1997, பிரையன் எடி) பற்றி என் கருத்து கொஞ்சம் வேறு. எல்லோரும் அதன் பகிடியைப் புகழ்வார்கள். பின்னாளில் பெயர் பெற்ற நடிகை டீனா ஃபேயின் குரலும் அதில் இருக்கிறது. பகிடி எவ்வளவு நல்லதென்றாலும் நூறாம் தடவை கேட்கும்போது பகிடி இல்லை. ஆனால் நடுவில் நிற்கிற கோட்டை இருக்கிறதே, அதற்கு நான் தலைவணங்குவேன். கண்ணுக்கு நேரே நிற்கும், அடி அடி என்று கூப்பிடும். அடித்துச் சரியாகப் படாவிட்டால் பந்து நேரே திரும்பி வந்து, அதைத் தட்டுகிற இரண்டு பிலிப்பருக்கும் நடுவால் விழுந்து போகும். ஆசையும் ஆபத்தும் ஒரே இடத்தில். இன்றைக்கு இந்த மெசினைத் திரும்பச் செய்து விற்கிறார்கள் என்றால் காரணம் அந்தக் கோட்டைதான் என்பது என் எண்ணம்.

‘ட்வைலைற் சோன்’ (1993) விதிகள் நிறைந்தது. வழக்கமான உருக்குப் பந்து 27 மில்லிமீற்றர், 80 கிராம்; அதில் ஒரு வெள்ளைப் பீங்கான் பந்தும் இருக்கும், பாரம் குறைவு, காந்தம் பிடிக்காது, கையின் கணக்கை முழுக்க மாற்றிவிடும். படித்து ஆடுகிறவளுக்கு வருசக்கணக்கில் போதும். ஆனால் நுணுக்கமான உறுப்புகள் கூட, பழுதும் கூட. ஸ்குரூ முடுக்க விருப்பமில்லாவிட்டால் கிட்டப்போகாதே.

உன் சேர்க்கையில் பழையது ஒன்றும் இல்லை. 1975-இல் கொட்லீப் கொம்பனி செய்த ‘எல் டொராடோ’ போல ஒன்று கிடைத்தால் ஆடிப்பார். வரிசையாகச் சாய்கிற இலக்குகளை விழுத்துவது தவிர அதில் பெரிய கதை எதுவும் இல்லை. விதியை அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். புது மெசின்களோடு பழகியவர்கள் முதல்நாள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் வருகிற விருந்தாளியும் உன் தம்பியும் அப்பாவும் கேட்காமலே ஆடுவது அதைத்தான். வீட்டுச் சேர்க்கையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு: நீ மட்டும் ஆடுகிற மெசினை விட, இரண்டாவது ஆள் கீழே இறங்கி வருகிற மெசின் கூடக் காலம் நிற்கும்.

விற்க முதல் ஒரு எச்சரிக்கை. அலுப்பு என்று நீ நினைப்பது பராமரிப்புக் குறையாக இருக்கலாம். றப்பர் வளையங்கள் காய்ந்து போனால் பந்து செத்த மாதிரி விழும். பிலிப்பர் சோர்ந்துவிட்டால் ஏற்றப் பாதையில் பந்து பாதிதூரம் போய்த் திரும்பிவிடும். அப்போது வடிவமைத்தவனைத் திட்டுவாய். பலகையின் சரிவு 6.5 பாகைக்குக் கிட்ட இருக்கவேண்டும். கால்களைத் திருகிச் சரிசெய், பலகையைத் துடைத்து மெழுகு பூசு, றப்பரை மாற்று. அதன்பிறகு ஒரு மாதம் ஆடு. அதோடு, வீட்டில் மெசினைக் கொஞ்சம் கடினமாக்கலாம், அதற்கும் பயப்படாதே. ஐந்து பந்தை மூன்றாக்கு, மேலதிகப் பந்து கொடுப்பதை நிறுத்து, ஓரத்து வழிகளை அகலமாக்கு, மெசினை உலுக்கினால் ஆட்டத்தை நிறுத்துகிற டில்ட்டை இறுக்கமாக வை. இவ்வளவுக்கும் பிறகும் சோதனையில் தோற்கிற மெசின் போகலாம். எவ்வளவு கொடுத்தேன் என்ற கணக்கை அதற்குள் கொண்டுவராதே; விலையை ஏற்றுவது பெரும்பாலும் எண்ணிக்கைக் குறைவும் பழைய நினைவும்தான், ஆட்டம் அல்ல.

வாங்கப் போகிற இடத்தில் விற்கிறவர் கண்ணாடியைக் கழற்றி விளக்கு எரிவதைக் காட்டுவார். கண்ணாடியைத் திரும்பப் போடச் சொல்லி, அவர் முதலில் ஒரு ஆட்டம் ஆடட்டும் என்று நில். சொந்தக்காரரே சலிப்போடு ஆடினால் அதையும் கவனத்தில் எடு. பிறகு நீ ஆடு, சத்தத்தைக் குறைத்துவிட்டு. சத்தம் இல்லாமலும் பிடிக்கிறதா என்று பார்.

கடைசியாக, விற்கிற மெசினை எங்கள் வாசிகசாலைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாய். நல்ல மனம், ஆனால் வேண்டாம். அங்கே 120 வோல்ட், இங்கே 230, அதையாவது மாற்றிக்கொள்ளலாம். நூறு கிலோவுக்கு மேற்பட்ட பெட்டியைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குள் இறக்குவது ஒரு வேலை. இறக்கினாலும் உப்புக்காற்று விடாது. நூற்றுக்கணக்கான சின்னத் தகடுகளும் தொடுகைகளும் மூன்று மாரிக்குள் துருப்பிடித்துவிடும், ஒரு மின்சுருள் எரிந்தால் மாற்றுச் சுருளுக்கு உனக்குத்தான் தொலைபேசி எடுக்கவேண்டும். இங்கே பெடியளுக்குத் தேவை கரம் பலகைக்குப் பவுடரும் பாரம் சரியான ஸ்ட்ரைக்கர் இரண்டும். ஆனியில் அம்மன் கொடியேற்றத்துக்கு வருவதாகச் சொன்னாயே, அப்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவா.

அன்புடன்,
மாமா