பற்சக்கரப் பெட்டி

மாட்டுவண்டியே வழிப்பயணத்திற்குத் துணையாயிருந்த காலத்தில், கொங்கு நாட்டு வண்டிக்காரர் புறப்படுமுன் மறவாது செய்த பணி ஒன்று உண்டு. அது வண்டியின் அச்சுக்கு மசகிடுதல். வைக்கோற் கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து அவர் மசகு செய்துகொள்வார். மசகு வற்றிய அச்சு, ஊர் எல்லை கடக்குமுன்னரே கிறீச்சிட்டு ஓலமிடும். மேடு வந்தால் அவர் இறங்கிச் சக்கரத்திற்குத் தோள் கொடுப்பார். இறக்கம் வந்தால் காளைகளை அடக்கி மெல்ல நடத்துவார். மசகிடுதல், மேட்டில் உதவுதல், இறக்கத்தில் அடக்குதல் ஆகிய இம்மூன்றையும் அறிந்தவரே நல்ல வண்டிக்காரர் எனப் பெயர் பெற்றார்.

இன்று சாலைகளில் விரையும் காருக்கும் இம்மூன்றும் வேண்டும். மேட்டில் தோள் கொடுப்பதும் இறக்கத்தில் அடக்குவதும் அதன் வயிற்றினுள் மறைந்திருக்கும் ஒரு பெட்டியின் வேலை. அதனைக் கியர்ப்பெட்டி என்பர். பற்சக்கரப் பெட்டி என்று கூறினும் பொருந்தும். அப்பெட்டிக்கு மசகிடுவது மட்டும் மனிதர் கடமையாகவே நிற்கிறது.

கார் தோன்றிய தொடக்கத்திலேயே இப்பெட்டியின் தேவை உணரப்பட்டது. செருமனி நாட்டில் கார்ல் பென்ஸ் என்பார் மூன்று சக்கர மோட்டார் வண்டி ஒன்றை ஆக்கி, 1886 இல் அதற்கு உரிமை பெற்றார். அவர்தம் மனைவியார் பெர்த்தா பென்ஸ், 1888 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தம் மைந்தர் இருவரையும் உடன்கொண்டு, அத்தகைய வண்டியொன்றில் மன்ஹைம் நகரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு பயணம் செய்தார். சமவெளியில் ஓடிய வண்டி, மேட்டைக் கண்டதும் திணறியது. மைந்தர் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மீண்டு வந்த அம்மையார், மேடு ஏறுதற்கென மேலும் ஒரு கியர் வேண்டும் என்று கணவருக்கு எடுத்துரைத்தார். அவ்வறிவுரை ஏற்கப்பட்டது. பட்டறிவு அன்றோ சிறந்த ஆசான்!

ஒரு கியரைச் சேர்த்தால் மேடு ஏற இயலுவது எங்ஙனம்? 20 பற்கள் கொண்ட சிறு சக்கரம் ஒன்று, 60 பற்கள் கொண்ட பெருஞ்சக்கரம் ஒன்றைச் சுழற்றுவதாகக் கொள்க. சிறியது மூன்று முறை சுற்றினால் பெரியது ஒரு முறைதான் சுற்றும். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆனால் திருப்பும் வலிமை ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகுகிறது. முதற் கியர் இத்தன்மையது. நிற்கும் வண்டியைப் பெயர்த்தற்கும் செங்குத்தான மேட்டில் ஏற்றுதற்கும் அது பயன்படுகிறது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது எனக் கியர் உயர உயர, வலிமை குறைந்து வேகம் மிகுகிறது. பின்னோக்கிச் செல்லும்போது, இரு சக்கரங்களுக்கிடையே மூன்றாவது சக்கரம் ஒன்று புகுந்து சுழலும் திசையை மாற்றிவிடுகிறது.

எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே வாயிற்காவலனைப் போல நிற்பது கிளட்ச். அதன் மிதியை அழுத்தினால் இரண்டிற்கும் உள்ள தொடர்பு நீங்கும். காலை எடுத்தால் தொடர்பு மீளும். பழங்காலக் கார்களில் கியர் மாற்றுவது அரிய கலையாயிருந்தது. வேகம் ஒத்துவராத பற்கள் ஒன்றோடொன்று மோதிக் கறகறவென ஒலித்தன. 1928 இல் அமெரிக்க நாட்டுக் காடிலாக் கார்களில், வேகத்தை முன்னரே ஒத்துவரச் செய்யும் அமைப்பு வந்தது. அவ்வேலையைச் செய்பவை சிறு உலோக வளையங்களே. அவை தேயாதவாறு காத்தல் ஓட்டுநரின் பொறுப்பாகும்.

பொறியைக் காக்க விரும்புவோர் முதலில் அதன் உள்ளத்தை அறிதல் வேண்டும். இதற்குக் கோவை மாவட்டமே ஒரு நல்ல சான்று தருகிறது. கலங்கல் என்னும் சிற்றூரில் 1893 இல் பிறந்தவர் ஜி. டி. நாயுடு. பள்ளிப் படிப்பில் அவர் நெடுந்தொலைவு செல்லவில்லை. ஆயினும், மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டது முதல் அதன் இயக்கத்தை அறியும் வேட்கை அவரைப் பற்றிக்கொண்டது. உணவு விடுதியில் பணிசெய்து பொருள் சேர்த்து, அத்தகைய வண்டியொன்றை வாங்கினார், வாங்கியதைப் பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவ்வாறு கைகளாலேயே கல்வி கற்ற அவர், 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். அவ்வொரு பேருந்தே வளர்ந்து யூ. எம். எஸ். என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 1974 இல் அவர் மறைந்தார். பழைய கார்கள் பலவற்றைக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்று, அவர் பெயரால் கோவை அவிநாசி சாலையில் 2015 முதல் விளங்குகிறது.

கியர்ப்பெட்டியின் உயிர் எண்ணெய். சுழலும் பற்களுக்கிடையே மெல்லிய படலமாக நின்று, உலோகத்தோடு உலோகம் உரசாமல் அது தடுக்கிறது; சூட்டையும் வாங்கிக்கொள்கிறது. எவ்வகை எண்ணெய், எவ்வளவு, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பனவற்றை வண்டியுடன் வரும் கையேடு கூறும். அதற்கு மாறான எண்ணெயை இடலாகாது. வண்டி சிறிது ஓடி எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால், அடியிலுள்ள கசடும் உடன் வந்துவிடும். வடிகால் திருகாணியில் காந்தம் இருக்குமாயின் அதனை உற்று நோக்குதல் நன்று. சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை படிந்திருப்பது இயல்பான தேய்மானம். உலோகத் துணுக்குகள் ஒட்டியிருந்தாலோ, உள்ளே பல் உடைந்திருத்தல் கூடும். புதிய எண்ணெயைச் சமதரையில் வண்டியை நிறுத்தியே நிரப்ப வேண்டும். வண்டி நின்ற இடத்தில் எண்ணெய்த் துளிகள் காணப்பட்டால், கசிவு உண்டென்று தெளிந்து உடனே மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும்.

எண்ணெயைப் போலவே ஓட்டுநரின் பழக்கமும் பெட்டியைக் காக்கும். கிளட்ச் மிதியின்மேல் எப்போதும் காலை வைத்திருந்தால் அதன் தகடு சூடேறித் தேயும். கியர்த் தண்டின்மேல் கையை ஓய்வாக வைத்திருந்தால் உள்ளே அதனோடு இணைந்த கவை தேயும். வண்டி முன்னோக்கி நகரும்போதே பின் கியரில் இடுவது பற்களை மோதவிடும் பேதைமை. கியர் விழ மறுத்தலும், விழுந்தது தானே நழுவி வெளிவருதலும், புதிய ஊளையொலி கேட்டலும் நோயின் அறிகுறிகள். நோய் முற்றுமுன் மருந்திடுவது செலவைக் குறைக்கும்.

செலவைக் காட்டிலும் பெரியதொன்றும் இதில் அடங்கியிருக்கிறது. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அங்கே ஏறுவதைவிட இறங்குவதே கடினம். இறக்கம் நெடுக பிரேக்கையே நம்பி வந்தால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். ஆகவே மலையில், ஏறிய கியரிலேயே இறங்குக என்பது பொது விதி. சிலர் எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, கியரிலிருந்து விடுவித்து வண்டியை உருளவிடுகின்றனர். இது பெருந்தவறு. இக்காலக் கார்களில் பெரும்பாலானவை, கியரில் இருந்தபடி மிதியை விட்டு இறங்கும்போது எரிபொருளைத் தாமே நிறுத்திக்கொள்கின்றன. சில துளிகளை மிச்சப்படுத்துவதாக எண்ணி, உடன் வருவோரின் உயிரைப் பணயம் வைப்பது அறிவுடைமை ஆகுமோ?

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் செல்லும் மலை இரயிலும் இவ்வுண்மையையே காட்டுகிறது. கல்லாறு முதல் குன்னூர் வரை, தண்டவாளங்களின் நடுவே பதித்த பற்சட்டத்தைப் பற்சக்கரம் பற்றிக்கொண்டே அது ஏறுகிறது, பற்றிக்கொண்டே இறங்குகிறது. 1899 முதல் குன்னூர் வரை சென்று, 1908 இல் உதகையை எட்டிய அவ்விரயில், பல்லோடு பல் பொருந்தும் வலிமைக்குக் கண்கூடான சான்று.

தாமே கியர் மாற்றிக்கொள்ளும் கார்கள் இன்று பெருகி வருகின்றன. எனினும் கையால் கியர் மாற்றும் வண்டிகள் எண்ணற்றவை இன்னும் ஓடுகின்றன. அவற்றில் அமர்ந்திருப்போர் எவரும் அப்பெட்டியைக் காண்பதில்லை. காணாத ஒன்றே மலைச்சரிவில் அவர்களைத் தாங்குகிறது. விடியலில் அச்சுக்கு மசகிட்ட வண்டிக்காரர் காத்தது வண்டியை மட்டும் அன்று. அதில் ஏறியோரையும் அவர் காத்தார். அக்கடமை இன்றைய ஓட்டுநருக்கும் உரியது.

வினாக்கள்

1. பெர்த்தா பென்ஸ் தம் பயணத்தில் கண்ட குறை யாது? அதற்கு அவர் கூறிய வழி யாது?
2. 15 பற்கள் கொண்ட சக்கரம் 60 பற்கள் கொண்ட சக்கரத்தைச் சுழற்றினால் வேகமும் வலிமையும் எவ்வாறு மாறும்?
3. கியர்ப்பெட்டியின் நோயைக் காட்டும் அறிகுறிகள் யாவை?
4. மலையிறக்கத்தில் தாழ்ந்த கியரைப் பயன்படுத்த வேண்டுவதன் காரணத்தை விளக்குக.