ஆடும் குதிரை வேண்டாம், நடக்கத் தெரிந்த குதிரை போதும்

கேள்வி: எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. எனக்கு வயது 36. கோவையில் ஒரு குதிரையேற்றப் பள்ளியில் போன வருடத்திலிருந்து வார இறுதிகளில் டிரெஸ்ஸாஜ் (குதிரையைச் சீரான நடைகளில் செலுத்தும் கலை) கற்று வருகிறேன். வாக், டிராட் நடைகள் பரவாயில்லைங்க. கேன்டர் இப்போதுதான் பிடிபடுகிறது. சொந்தக் குதிரை இருந்தால் தினமும் பழகலாமே என்று ஆசை. மாமனார் மாட்டுச் சந்தையிலேயே வளர்ந்தவர். “ஆடிக்கு அந்தியூர் போனா முடிஞ்சுது, பல்லு, சுழியெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்கிறார். அங்கே மேளத்துக்கு ஆடிய வெள்ளை மார்வாரி ஒன்று என் கண்ணிலேயே நிற்கிறது. பயிற்சியாளரோ, பெங்களூரில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை ஒன்று மலிவாக வருகிறது என்கிறார். எதை வாங்கலாம்? தோப்பிலேயே வைத்து வளர்க்க முடியுமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம்.

அந்தியூருக்குப் போங்கள். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தை திப்பு சுல்தான் காலத்திலிருந்தே நடக்கிறது என்பார்கள். மார்வாரியும் கத்தியவாரியும் அத்தனை எண்ணிக்கையில் ஒரே இடத்தில் நிற்பதைப் பார்க்க இந்தப் பக்கம் வேறு வாய்ப்பு இல்லை. பணத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

உங்கள் கண்ணில் நிற்கும் அந்த வெள்ளைக் குதிரையின் ஆட்டம், டிரெஸ்ஸாஜின் உயர்நிலைகளில் வரும் பியாஃப் போலத்தான் தோன்றும். இரண்டிலும் குதிரை நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றித் தூக்குகிறது. அடுத்த முறை காலைப் பார்க்காமல் முதுகையும் வாயையும் பாருங்கள். மேளத்துக்கு ஆடும் குதிரை பெரும்பாலும் தலையை வானத்துக்குத் தூக்கியிருக்கும், முதுகு குழிந்திருக்கும், வாய் பிளந்திருக்கும், வால் சுழன்றுகொண்டே இருக்கும். கடிவாளம் படும் கடைவாயில் பழைய தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் இருபுறமும் கயிறு கட்டி, கடுமையான கடிவாளம் போட்டு, குச்சியால் காலைத் தட்டித்தான் இந்த ஆட்டத்தைப் பழக்குகிறார்கள். பியாஃபில் நடப்பது நேரெதிர். பின்னங்கால்கள் மடங்கிப் பின்பாகம் தாழும், முதுகு எழும்பி நிற்கும், வாய் மூடியிருக்கும். பல ஆண்டுப் பயிற்சியின் முடிவில் வருவது அது. பயந்து ஆடப் பழகிய குதிரையை அதிலிருந்து மீட்பது, ஒன்றுமே தெரியாத குதிரைக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பதைவிடக் கடினம். மார்வாரி இனத்தை நான் குறை சொல்லவில்லை. நிதானமாகப் பழக்கப்பட்ட மார்வாரி கிடைத்தால் தொடக்கநிலை டிரெஸ்ஸாஜுக்குத் தாராளமாகப் போதும்.

பந்தயக் குதிரையின் பிரச்சினை வேறு. அதைப் பெரும்பாலும் இரண்டு வயதிலேயே ஓடப் பழக்கிவிடுவார்கள். கடிவாளம் இறுகினால் அதில் சாய்ந்து இன்னும் வேகமாக ஓட வேண்டும் என்பதுதான் அது கற்ற பாடம். கேன்டரில் தடுமாறும்போது நீங்கள் என்ன செய்வீர்கள்? கடிவாளத்தைத்தான் இறுகப் பிடிப்பீர்கள். இத்தகைய குதிரைகளை அனுபவசாலிகள் அருமையாக மாற்றி எடுக்கிறார்கள், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். அதற்கு உட்காருபவர் ஏற்கெனவே தேர்ந்தவராக இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த விற்பனையில் பயிற்சியாளருக்குத் தரகு உண்டா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். தரகு வாங்குவது குற்றமில்லை. சொல்லாமல் வாங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

உங்களுக்கு ஏற்றது 10 முதல் 15 வயதுக்குள், பள்ளியில் பலரைச் சுமந்து பழகிய, விதையடித்த ஆண் குதிரை அல்லது சாதுவான பெட்டைக் குதிரை. அழகு சுமாராக இருக்கட்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் குதிரைதான் பாதி வாத்தியார். 2023 செப்டம்பரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் அணித் தங்கம் வென்றோமே, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியாவுக்குக் கிடைத்த தங்கம் அது. அந்த அணியின் நால்வருமே ஐரோப்பாவில் தங்கி, அங்கே பிறந்து பழக்கப்பட்ட குதிரைகளில் பயின்றவர்கள். அவர்களில் ஒருவரான அனுஷ் அகர்வாலா, ஹாங்சோவில் எட்ரோ என்ற குதிரையில் தனிநபர் வெண்கலமும் வாங்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு அவர் கொண்டுபோனது வேறொரு குதிரையை. அந்த நிலையில் இருப்பவர்களுக்கே ஒரே குதிரை கடைசிவரை வருவதில்லை.

அதனால் முதலில் குத்தகை பேசுங்கள். இப்போது ஏறும் பள்ளிக் குதிரையையே வாரத்தில் மூன்று நாள் உங்களுக்கென்று ஆறு மாதத்துக்குக் கேளுங்கள். தீனி, லாடம், மருத்துவச் செலவில் பங்கு கொடுங்கள். மாதம் எவ்வளவு கரைகிறது என்பதும் அப்போது கைக்கணக்காகத் தெரிந்துவிடும்.

அதன் பிறகு வாங்கப் போகும்போது மாமனாரையும் கட்டாயம் அழைத்துப் போங்கள். மாடு பார்த்த கண் வீண் போகாது. ஆனால் மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, குதிரைக்கு இரண்டு தாடையிலும் உண்டு என்பதால் கணக்கு மாறும். ஐந்து வயதுக்குள் முன்பற்கள் எல்லாம் விழுந்து முளைத்துச் சேர்ந்துவிடும். பத்து வயதை ஒட்டி மேல் கடைப்பல்லில் ஈறோரம் ஒரு பள்ளக்கோடு தோன்றும். பதினைந்தில் அது பாதிப் பல்லுக்கு இறங்கியிருக்கும். வயது கூடக்கூட இது உத்தேசம்தான். சுழி விலையை ஏற்றும், இறக்கும். நடையை ஒன்றும் செய்யாது.

சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்பே போய் நில்லுங்கள். குதிரை ஏற்கெனவே வியர்த்திருந்தால், முரண்டை அடக்க முன்கூட்டியே ஓட்டியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். முன்னங்கால் முட்டிக்குக் கீழே, பின்புறத் தசைநாணை விரலால் வருடிப் பாருங்கள். சூடோ, தடிப்போ இருக்கக் கூடாது. கெட்டித் தரையில் கயிற்றில் பிடித்து டிராட்டில் ஓட்டச் சொல்லுங்கள். ஒரு முன்னங்கால் ஊன்றும்போதெல்லாம் தலையை மேலே தூக்கினால் அந்தக் காலில் வலி. பிறகு விற்பவரின் ஆள் ஏறட்டும், அடுத்து உங்கள் பயிற்சியாளர், கடைசியில் நீங்கள். 20 மீட்டர் வட்டத்தில் இருபக்கமும் சுற்றிப் பாருங்கள். வாக்கில் நான்கு தாளம், டிராட்டில் இரண்டு, கேன்டரில் மூன்று சீராகக் கேட்க வேண்டும். வலி மருந்து கொடுத்து நிறுத்தியிருந்தாலும் தெரிந்துவிடும்படி, சில நாள் விட்டுச் சொல்லாமல் இன்னொரு முறை போங்கள்.

துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவதெல்லாம் மருத்துவர் பார்த்த பிறகு. அவர் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. கிளாண்டர்ஸ் நோய்க்கான ரத்தப் பரிசோதனை கட்டாயம். மனிதருக்கும் தொற்றும் நோய் அது. உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதுதான்.

தோப்பில் வைக்கலாம், ஆனால் மரங்களுக்கு நடுவே ஏற முடியாது. தேங்காய் விழும், சொட்டுநீர்க் குழாயில் கால் சிக்கும். மரமில்லாத, தண்ணீர் தேங்காத 20-க்கு 40 மீட்டர் இடம் தேவை. கொட்டகையில் விரிக்க உங்கள் ஊர் தென்னைநார்க் கழிவே நன்றாக உதவும், தூசி மட்டும் பறக்கக் கூடாது. காளைக்கு லாடம் அடிப்பவரிடம் குதிரையைக் கொடுத்துவிடாதீர்கள். பிளவுக் குளம்புக்கான வேலை வேறு, இது வேறு. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குதிரை லாடக்காரர் வந்தாக வேண்டும்.

மாட்டுக்குப் போடும் கோ-4 புல்லையே முழுத் தீவனமாக்கிவிடாதீர்கள். அதிலுள்ள ஆக்ஸலேட் கால்சியத்தை உடலில் சேரவிடாது. நாளடைவில் எலும்பு தளர்ந்து முகம் வீங்கிவிடும். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ உலர்தீவனம் வேண்டும். நல்ல காய்ந்த புல்லோடு குதிரைமசாலும் சேருங்கள். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு வாசலுக்கே வரக் கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வயிற்றுவலி வந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய, குதிரை வைத்தியம் தெரிந்த மருத்துவர் யார் என்பதை உடுமலைப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரியில் இப்போதே விசாரித்து வையுங்கள்.

தோப்பு வேலியில் அரளி இருந்தால் வேரோடு எடுத்துவிடுங்கள். பச்சை இலை மட்டுமல்ல, வெட்டிப் போட்டுக் காய்ந்த இலையும் குதிரைக்கு விஷம். அள்ளி அப்புறப்படுத்த வேண்டும்.