பிறந்தநாள் சாப்பாட்டுக்கு அப்புறம்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நேற்று நீ போனில் கேட்டபோது அவசரத்தில் "சரிம்மா" என்று வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அதே நினைப்பு, அதனால் எழுதுகிறேன். முதல் சம்பளம் கையில் வந்ததும், பிறந்தநாளன்று குழந்தைகள் இல்லத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடவேண்டும் என்று தோன்றியதே, அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்! தாராளமாகப் போடு. போவதற்கு முன் சிலவற்றைத் தெரிந்துகொள்.

ஆறு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நான் ஓர் இல்லத்துக்குப் போய்ப் பாடம் சொல்லித் தருகிறேன். ஒரு தடவை ஒரே வாரத்தில் மூன்று வீட்டுப் பிரியாணி வந்தது. அதே வாரம், பத்தாவது படிக்கிற பெண் ஜியாமெட்ரி பாக்ஸ் இல்லாமல் தேர்வுக்குப் போனாள். வார்டனுக்கு முன்கூட்டியே போன் செய்து, எது குறைகிறது என்று கேள். செருப்பு என்பார், நாப்கின் என்பார், பேன் மருந்து என்பார். வெட்கப்படாமல் வாங்கிக் கொடு.

கேக் வெட்டிப் பிள்ளைகளை வாழ்த்துப் பாட்டுப் பாடச் சொல்லாதே. அவர்களில் சிலருக்குத் தாங்கள் பிறந்த தேதியே தெரியாது. சான்றிதழ் எதுவும் கிடைக்காவிட்டால் மருத்துவப் பரிசோதனையில்தான் வயதைக் கணிக்கிறார்கள். அவர்களோடு படமெடுத்து ஸ்டேட்டஸில் போடவும் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதை 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடைசெய்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

இன்னொன்று, 'அனாதை' என்ற சொல்லை அங்கே வாய்தவறியும் சொல்லிவிடாதே. நான் போகும் இல்லத்தில் பாதிப் பேருக்கு மேல் அம்மா இருக்கிறாள். கணவனை இழந்து வீட்டு வேலைக்குப் போகிறவள், கட்டட வேலைக்கு ஊர் ஊராக அலைகிறவள், குடிக்கும் புருஷனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றக் கொண்டுவந்து விட்டவள். காசில்லை என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளை தாயைப் பிரிவது எனக்கு இன்றைக்கும் ஆறாத வருத்தம். அப்படிப்பட்ட குடும்பங்களுக்காகவே 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில், தகுதியுள்ள குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு தாய் இருந்தால், அந்தப் படிவத்தை நிரப்ப அவளோடு ஒரு நாள் போய்வா. நூறு இலை போடுவதைவிட அது பெரிய உதவி என்பேன்.

வீடே பாதுகாப்பில்லாத பிள்ளைக்கு இல்லம் வேண்டும்தான். 1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமியர் சிலர் தட்டினார்கள். அன்றைய விடுதிகள் பிறப்பைக் காட்டி அவர்களைச் சேர்க்க மறுத்தன. அவர் தம் வீட்டிலேயே தங்கவைத்தார். அதுதான் அவ்வை இல்லமாக வளர்ந்தது. தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்காக அவர் 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதவைத் தட்டிய பிள்ளைகளை அவர் ஒரு நாள்கூடக் காக்கவைக்கவில்லை. சோறும் படுக்கையும் போதும் என்றும் விட்டுவிடவில்லை. பள்ளிக்கூடமும் ஆசிரியர் பயிற்சியும் அங்கே பிறகு வந்தன.

படிப்பு என்றதும் என் மனசு எங்கள் இல்லத்துப் பையன் ஒருவனிடம் போகிறது. பதினொரு வயதில் வந்தான், பள்ளிக்கூடமே பார்த்ததில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், அதனால் ஆறாம் வகுப்பு. சட்டம் சரியானதுதான், பிந்திய படிப்பை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சியும் தரச்சொல்கிறது. ஆனால் நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் 'தென்', 'தேன்' வித்தியாசம் தெரியாத பையன் கடைசி பெஞ்சில் வாய்மூடி உட்கார்ந்திருப்பான். அவன் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பாடப்புத்தகத்தை மூடிவிட்டு, அவன் ஊருக்குப் போகும் பஸ்ஸின் பெயர்ப் பலகையை எழுதிக் காட்டினேன். (ஊர்ப் பெயரை உனக்கும் சொல்லமாட்டேன்.) கொம்பும் துணைக்காலும் உள்ள பெயர். இரண்டு மாதத்தில் பத்து ஊர் வாசித்தான்.

அப்போதுதான் நான் பெரிய தப்புச் செய்தேன். வீடு மாற்றும் அலைச்சலில் மூன்று மாதம் போகவில்லை, ஒரு வார்த்தை சொல்லியும் அனுப்பவில்லை. திரும்பப் போனபோது அவன் நோட்டைத் திறக்கவே இல்லை. திட்டவில்லை, அழவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஐந்து சனிக்கிழமை அப்படியே போயிற்று. ஏற்கெனவே ஒரு தடவை விட்டுப்போகப்பட்ட பிள்ளையை நானும் விட்டுப்போயிருந்தேன். ஆறாவது வாரம் அவனே நோட்டை நீட்டி, "இன்னிக்கு எந்த பஸ்ஸு, டீச்சர்?" என்றான்.

அதனால்தான் கேட்கிறேன், கண்ணம்மா. வாரத்துக்கு ஒரு மணி நேரம், ஒரு வருஷம் விடாமல் உன்னால் வரமுடியுமா? முடியாதென்றால் முடியாதென்றே சொல், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். வருவதானால் புதன்கிழமைக்குள் சொல்லிவிடு. அடையாள அட்டை நகல் கொடுத்து, வார்டனிடம் அனுமதி வாங்க வேண்டும். ஐந்தாவது படிக்கிற ஒருத்திக்குக் கணக்கு சொல்லித்தர ஆளில்லை.

அன்புடன்,
அத்தை